பெரிய கடல்மீனுக்கு எத்தனை அடித் தொட்டி?

நமக்கு நெடுநாள் பழக்கமான ஆசிரியர் ஒருவர் தம் இல்லத்தின் முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் ஒன்றை வளர்த்து வந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய மகளின் பிறந்த நாளன்று கடையிலிருந்து வாங்கி வந்த மீன் அது. வாங்கிய அன்று அதன் நீளம் 5 சென்டிமீட்டர்தான். ஒரு தீப்பெட்டியின் நீளம். கருநீல உடலில், குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலைவட்டங்களைப் போல வெண்மையும் இளநீலமுமாக வளையத்திற்குள் வளையம். 'எம்பரர் ஏஞ்சல்' என்று பெயர் கூறி விற்றார் கடைக்காரர். "மூன்றடித் தொட்டி போதுமா?" என்று ஆசிரியர் வினவியதற்கு, "தொட்டிக்குத் தக்கபடிதான் சார் மீன் வளரும்" என்று விடை கிடைத்ததாம்.

சென்ற கார்த்திகையில் நாம் அவ்வில்லத்திற்குச் சென்றபோது அம்மீன் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்திற்கு வளர்ந்திருந்தது. இளமைக்குரிய வளையங்கள் மறைந்து, நீல உடலில் மஞ்சள் வரிகள் தெளிவாகத் தோன்றியிருக்க வேண்டிய பருவம். ஆயினும் வரிகள் மங்கலாகவே இருந்தன. தலையைச் சுற்றிலும், பக்கவாட்டிலும் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் காணப்பட்டன. வாலை மூன்று முறை அசைத்தால் ஒரு கண்ணாடிச் சுவரிலிருந்து மறு சுவரை அடைந்துவிடும்; அங்கே உடலை வளைத்துத் திரும்பும்; மீண்டும் மூன்று அசைவு. நாம் அமர்ந்து காப்பி அருந்திய நேரம் முழுவதும் இந்த நடை ஓயவே இல்லை.

"இதற்கு ஏதேனும் மருந்து உண்டா, அண்ணா?" என்று ஆசிரியரின் மனைவி கேட்டார். மருந்தைவிட அதற்கு முதலில் வேண்டியது இடம் என்று கூறினோம். அன்று மாலை காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தாருடன் அமர்ந்து போட்ட கணக்கே இக்கட்டுரைக்கு அடிப்படை. கடல்மீன் வளர்க்கும் ஆர்வம் நம் குடும்பங்களிலும் பரவி வருவதால், வாங்குவதற்கு முன்பே இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது பலருக்கும் பயன்படும் எனக் கருதுகிறோம்.

தொட்டிக்குத் தக்கபடி மீன் வளரும் என்பது நாடெங்கும் வழங்கும் ஒரு கூற்று. அதில் உண்மையின் ஒரு துணுக்கு இல்லாமலில்லை. சிறிய தொட்டியில் அடைபட்ட மீன் பெரும்பாலும் தன் முழு வளர்ச்சியை எட்டுவதில்லை. ஆனால் அது அத்தொட்டியோடு இசைந்து வாழ்வதால் அன்று. கழிவு மிகுந்த நீரும், ஓயாத நெருக்கடியும் அதன் வளர்ச்சியைக் கெடுத்துவிடுகின்றன. போதிய உணவின்றி வாடும் குழந்தையைப் பார்த்து, 'வீட்டின் அளவுக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கிறது' என்று எவரேனும் கூறுவரோ? அப்படி வளர்ச்சி குன்றிய மீன், கடலில் வாழக்கூடிய காலத்தில் ஒரு சிறு பகுதியைக்கூட வாழாது மடிந்துவிடும்.

ஆகவே தொட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கடையில் காணும் குஞ்சின் அளவை மறந்துவிட வேண்டும். கணக்கில் கொள்ள வேண்டியது அம்மீனின் முழு வளர்ச்சி அளவு. எம்பரர் ஏஞ்சல் மீன் செங்கடல் முதல் பசிபிக் பெருங்கடலின் தீவுகள் வரை பவளப் பாறைகளில் வாழ்வது. நமது மன்னார் வளைகுடாவிலும் உண்டு. கடலில் அது 40 சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். குஞ்சும் முதிர்ந்த மீனும் தோற்றத்தில் இத்தனை வேறுபட்டிருப்பதால், முற்காலத்து விலங்கியல் அறிஞர்கள் குஞ்சைத் தனி இனமென்றே எண்ணி, நிக்கோபார்த் தீவுகளின் பெயரால் அதற்கு வேறொரு பெயர் சூட்டியிருந்தனர். கற்றறிந்தோரே ஏமாந்த இடத்தில் நம் ஆசிரியர் ஏமாந்ததில் வியப்பில்லை.

நீளம் எட்டு மடங்கு ஆயிற்று என்பதோடு கணக்கு முடிந்துவிடாது. மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. உயரத்திலும் பருமனிலும் கூடவே வளர்கிறது. நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு. நான்கு மடங்கானால் 64 மடங்கு. ஆசிரியர் வீட்டு மீன் 5 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டர் ஆகியிருந்ததால், அத்தொட்டியில் இப்போது வாங்கிய நாளில் இருந்ததைப் போன்ற 64 குஞ்சுகள் இருப்பதாகக் கொள்ளலாம். முழுமையாக 40 சென்டிமீட்டர் வளர்ந்தால் 512 குஞ்சுகளின் எடை. இதைக் கேட்டவுடன் அவருடைய மகள், "512 மீனை யாராவது இதற்குள் போடுவார்களா, மாமா?" என்று கேட்டாள். அவளுக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது.

நன்னீர் மீன் வளர்ப்போரிடையே ஒரு காலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்றொரு பழைய விதி உண்டு. சிறு மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பெரிய கடல்மீனுக்கு அது சற்றும் உதவாது. மேற்கூறிய எடைக் கணக்கு ஒரு காரணம். கடல்நீரின் இயல்பு மற்றொரு காரணம். உப்பு கலந்த நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஒரே வெப்ப நிலையில் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம் நாட்டுக் கோடையில் நீர் சூடேறும்போது உள்ளதும் இன்னும் குறையும். மேலும், மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா, காரத்தன்மை மிகுந்த கடல்நீரில் பன்மடங்கு நச்சுத்தன்மை அடைகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கற்களிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி வருவோர் பலர் ஒரே வாரத்தில் மீனை இழப்பதற்கு இதுவே காரணம்.

நீர் மிகுதியாக இருந்தால் இந்த ஆபத்துகள் அனைத்தும் மெதுவாக வரும். அதுதான் பெரிய தொட்டியின் சிறப்பு. ஒருநாள் உணவு சற்று மிகுந்துவிட்டாலும், பிற்பகலில் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றுவிட்டாலும், பெரிய தொட்டியில் நிலைமையைச் சீர்செய்ய அவகாசம் கிடைக்கும். சிறு தொட்டியில் அந்த அவகாசம் இல்லை. புதிதாகத் தொடங்குவோர் சிறியதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அறிவுரை கூறுவது வழக்கம். கடல்மீனைப் பொறுத்தவரை அந்த அறிவுரை தலைகீழானது என்பது நமது கருத்து.

அகலமே முதன்மை

கடைகளில் தொட்டியின் நீளத்தையே கேட்டு விலை பேசுகிறோம். உயரமான தொட்டி கண்ணுக்கு அழகாகவும் தோன்றும். ஆனால் மீனுக்கு வேண்டியது அகலம். 40 சென்டிமீட்டர் வளரும் மீன் ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் உடலை வளைக்காமல் திரும்பவே இயலாது. அகலம் மீனின் முழு நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும், இயன்றால் இரு மடங்காகவும் இருத்தல் நலம். நீளம் நான்கு முதல் ஆறு மடங்கு வேண்டும். உயரம் இரண்டடிக்கு மேல் தேவையில்லை. அதற்கு மேல் உயர்ந்தால் கை அடிமட்டத்தை எட்டாது, துப்புரவு செய்வதும் கடினம். தவிரவும், காற்று நீருடன் கலப்பது மேற்பரப்பில்தான். ஒரே அளவு நீர் கொள்ளும் இரண்டு தொட்டிகளில், தாழ்ந்து அகன்றதே உயர்ந்து குறுகியதைவிட மேலானது. இவை அனுபவத்தால் அமைந்த விதிகள். இவற்றை மீனின் குணத்தோடு சேர்த்தே கையாள வேண்டும்.

எம்பரர் மீனுக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 6 அடி, அகலம் இரண்டரை அடி, உயரம் 2 அடி. பெருக்கினால் 30 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 850 லிட்டர். இது குறைந்த அளவு. 8 அடி நீளமாயின் 1,130 லிட்டர் கொள்ளும், மீனுக்கும் நிம்மதி. ஆசிரியர் வீட்டுத் தொட்டியோ 3 அடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். கொள்ளளவு 127 லிட்டர்.

அடுத்ததாக எழும் வினா, வீடு தாங்குமா என்பது. இதனைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ எடையுள்ளது. எனவே 850 லிட்டர் நீர் மட்டும் 870 கிலோ. 12 மில்லிமீட்டர் தடித்த கண்ணாடி 135 கிலோவுக்கு மேல். கற்கள், மணல், இரும்புத் தாங்கி, கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். இப்பாரம் முழுவதும் 15 சதுர அடியில் இறங்குகிறது. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 800 கிலோவுக்கும் மேல். நம் நாட்டில் குடியிருப்பு வீட்டின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் தாங்குமாறு அமைப்பதே கட்டட விதி. அறை முழுவதும் அந்த அளவுக்கு நிரம்புவதில்லையாதலால் தளம் உடனே இடிந்துவிடும் என்பதில்லை. ஆயினும் மாடி வீட்டில் அறையின் நடுவே இத்தகைய தொட்டியை வைத்தல் தகாது. உத்தரத்தின் மீதோ, சுமை தாங்கும் சுவரை ஒட்டியோ வைக்க வேண்டும். அதையும் பொறியாளர் ஒருவரைக் கேட்ட பின்னரே செய்ய வேண்டும். தரைத்தளத்தில் வாழ்வோருக்கு இக்கவலை குறைவு. வாடகை வீட்டில் வாழ்வோர் வீட்டுக்காரரின் முகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 850 லிட்டருக்கு 30 கிலோ. பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், ஒவ்வொரு முறையும் 85 லிட்டர் நீரும் 3 கிலோ உப்பும் வேண்டும். சமையலுக்கு வாங்கும் கல்லுப்பைக் கரைத்து ஊற்றிவிடலாமே என்று சிலர் எண்ணுவதுண்டு. அது கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் சோற்றுப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். கடலுக்குரிய மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அந்நீரோடு போய்விடுகின்றன. ஆதலால் மீன்தொட்டிக்கென்றே தயாரிக்கும் உப்பு வேண்டும், அல்லது தூய கடல்நீரைக் கொணர வேண்டும். வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டுமேயன்றி உப்புநீரால் அன்று. இதில் தவறுவோர் பலர்.

எல்லாக் கடல்மீனுக்கும் இதே அளவு வேண்டுமோ எனின், மீனின் குணத்தைப் பார்க்க வேண்டும். சிங்கமீன் எனப்படும் லயன்ஃபிஷ் 38 சென்டிமீட்டர் வரை வளர்ந்தாலும், பாறையடியில் அசையாது மிதந்து இரைக்குக் காத்திருக்கும் இயல்புடையது. நாலடி நீளமும் இரண்டடி அகலமுமான 450 லிட்டர்த் தொட்டியில் அதனை நன்கு வைத்திருக்கலாம். முதுகு முள்ளில் நஞ்சு உண்டு என்பதையும், வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விட்டுவைக்காது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். அதைவிடச் சிறியதாகிய நீல டேங் மீன் 30 சென்டிமீட்டர்தான். ஆயினும் நாளெல்லாம் நீந்திக்கொண்டே இருப்பதால் அதற்கு ஆறடி நீளம் வேண்டும். 2003-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தைப் பார்த்த குழந்தைகள் நீமோவையும் டோரியையும் ஒருசேர வாங்கித் தருமாறு கேட்கிறார்கள். நீமோவாகிய கோமாளி மீன் 10 சென்டிமீட்டருக்குள் அடங்குவது. தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். நூறு லிட்டர் நீரில் மகிழ்ந்திருக்கும். டோரிதான் அந்த நீல டேங். திரையில் நண்பர்களாக நீந்திய இரண்டிற்கும் வேண்டிய இடம் இத்தனை வேறுபட்டது.

களவா மீன் குஞ்சுகள் வேறொரு வகை ஆபத்து. மஞ்சளும் கறுப்புமாக வண்டின் நிறத்தில் விற்பனைக்கு வரும் ஒரு குஞ்சு, உண்மையில் இராட்சதக் களவா. பவளப் பாறை மீன்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகிய அது 2.7 மீட்டர் நீளமும், 400 கிலோ எடையும் அடையக்கூடியது. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டிலேயே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இது சேர்க்கப்பட்டது. ஆகவே தொட்டியின் அளவு பற்றிய வினாவே இங்கு எழாது.

பெரிய தொட்டி என்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை உலகின் மாபெரும் காட்சியகங்களே கண்டுகொண்டன. ஜப்பானின் ஒக்கினாவாவில் 2002-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுராவுமி மீன் காட்சியகத்தின் பெருந்தொட்டி 75 லட்சம் லிட்டர் கொள்வது. பார்வையாளர்க்கும் நீருக்கும் இடையே நிற்கும் ஒளிபுகும் அக்ரிலிக் சுவரின் தடிமன் 60 சென்டிமீட்டர். திமிங்கலச் சுறாவுக்காகவே அத்தனை ஏற்பாடு. அமெரிக்காவின் மான்ட்டரே வளைகுடாக் காட்சியகம் 2004-ஆம் ஆண்டு வெள்ளைச் சுறாக் குட்டி ஒன்றை 38 லட்சம் லிட்டர்த் தொட்டியில் வைத்துப் பார்த்தது. அதற்கு முன் வேறெங்கும் இரண்டு மூன்று வாரங்கள்கூட உயிரோடு வைத்திருக்க முடியாத மீன், அங்கே 198 நாள்கள் வாழ்ந்தது. ஏறத்தாழ 28 கிலோவாக இருந்தது 73 கிலோவாகப் பெருத்தது. உடனிருந்த சுறாக்களைத் தாக்கவும் தொடங்கியது. கடலில் கொண்டுபோய் விட்டார்கள். மேலும் ஐந்து சுறாக்களை வைத்துப் பார்த்த பின்னர், 2011-ஆம் ஆண்டோடு அம்முயற்சியையே கைவிட்டார்கள். அத்தனை பொருளும் அறிவும் படைத்தோர், இதற்குத் தக்க தொட்டி நம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டது நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடலில் விட்டுவிடலாமா?

மீண்டும் ஆசிரியர் இல்லத்திற்கு வருவோம். கணக்கைக் கண்டு திகைத்த அவர், "கடற்கரை அரை மணி நேரப் பயணம்தானே. கடலிலேயே விட்டுவிட்டால் என்ன?" என்றார். இரக்கத்தால் எழுந்த எண்ணம்தான். ஆயினும் நாம் தடுத்தோம். காட்சியகத்தார் தாம் பிடித்த கடற்பகுதி அறிந்து, மருத்துவர் மேற்பார்வையில், பிடிபட்ட சில மாதங்களில் விடுகிறார்கள். கடை மீன் எக்கடலில் பிறந்தது என்பது வாங்கியவர்க்குத் தெரியாது. தொட்டியில் தொற்றிய நோயைக் கடலுக்கும் கொண்டு செல்லும். மூன்றாண்டு கையுணவு உண்டு பழகியது இரை தேடவும் மறந்திருக்கும்.

இவ்வாறு இரங்கி விடுவதால் விளையும் கேட்டிற்குச் சிங்கமீனே சான்று. இந்து, பசிபிக் பெருங்கடல்களுக்குரிய அம்மீன், 1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரம் முதன்முதலாகக் காணப்பட்டது. வளர்த்தவர்கள் தொட்டியிலிருந்து விட்டவையே அங்கு பெருகின என்பது அறிஞர்களின் முடிவு. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் முட்டைகள் இடக்கூடியது; அக்கடலில் அதனை இரையாக்கிப் பழகிய பகைவரும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் கரீபியன் கடல் முழுவதும் பரவி, பவளப் பாறைகளின் சிறு மீன்களை வேட்டையாடி வருகிறது. இன்று அங்கே அதனைக் குத்திப் பிடிப்பதற்குப் போட்டிகளே நடத்துகிறார்கள். தொட்டியில் இடம் போதாமற்போன மீன்கள் சிலவற்றால் வந்த வினை இது.

பெரிய தொட்டி வைக்கலாம் என்றால் ஆசிரியரின் வீடு இரண்டாம் மாடி, பழைய கட்டடம். கடைக்காரரைக் கேட்டபோது, வளர்ந்த மீனைத் திரும்பப் பெறுவதில்லை என்று கூறிவிட்டார். பல இடங்களில் விசாரித்து ஏழு வாரங்களுக்குப் பின், நம் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவில் தரைத்தளத்தில் எட்டடித் தொட்டி வைத்திருக்கும் ஓர் அன்பரைக் கண்டுபிடித்தோம். அவரிடம் வேறு ஏஞ்சல் மீன் இல்லாதது நல்வாய்ப்பு. இவ்வினத்தின் பெரிய மீன்கள் இரண்டு ஒரே தொட்டியில் சேர்ந்து வாழா.

மூடியிட்ட பிளாஸ்டிக் வாளியில், மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு வைத்து, விடியற்காலை வெயில் ஏறுமுன் காரில் எடுத்துச் சென்றோம். வழி நெடுகிலும் மகள் அந்த வாளியை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு பேசாது அமர்ந்திருந்தாள். புதிய தொட்டியின் நீரைச் சிறிது சிறிதாக வாளியில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை விட்டார்கள். அது உடனே ஒரு பாறையிடுக்கில் ஒளிந்துகொண்டது. நாம் விடைபெறும்வரை வெளியே வரவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து அந்த அன்பர் நிழற்படம் ஒன்று அனுப்பினார். கடற்பாசித் தழையும், கடற்பஞ்சு கலந்த உணவும் கொடுத்து வருகிறாராம். தலையிலிருந்த குழிகள் முற்றிலும் மறையவில்லை. சில தழும்புகள் நிலைத்துவிடக்கூடும் என்கிறார். மஞ்சள் வரிகள் மட்டும் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எத்தனை அசைவில் செல்கிறது என்று கேட்டு எழுதுமாறு மகள் வற்புறுத்தினாள், கேட்டோம். அது நேராகச் செல்வதேயில்லையாம், ஒவ்வொரு பாறையாக நின்று கொறித்துக்கொண்டு போகிறதாம். ஆசிரியர் வீட்டு மூன்றடித் தொட்டியில் தற்போது கோமாளி மீன்கள் இரண்டு இருக்கின்றன.